புது ஆயிலுக்கு அடியில் பழைய கசடு

மூன்றாவது ஆயில் ஃபில்டரை இன்று காலை வெட்டிப் பிரித்தேன். உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், முழு நீளத்துக்கும் கடுகளவில் இரண்டே இரண்டு கருந்துகள். முதல் ஃபில்டரில் அவற்றை எண்ணவே முடியவில்லை. பழைய காரின் இன்ஜினுக்குள் ஆயில் கெட்டுத் தாராகப் படிந்த கசட்டை எடுக்க ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை முடிந்தது என்று அப்போதுதான் மனம் ஒப்புக்கொண்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழைய கார் வாங்கும்போது இன்ஜினுக்குள் கசடு இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும் என நம்பித்தான் இந்த வண்டியை வாங்கினேன். பார்த்தேன், ஆனால் தப்பான இடத்தில் பார்த்தேன். கசடு இருப்பது தெரிந்த பிறகு செய்த முதல் வைத்தியமும் தப்பு. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வாங்கப் போன நாள்

எட்டு வருடப் பழைய வண்டி. நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், டைமிங் செயின் உள்ளது. ஓடியது 92,000 கிலோமீட்டர். நான் போய்ச் சேர்ந்தபோது பானெட் கதகதப்பாக இருந்தது. "இப்பத்தான் தம்பி கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றார் விற்பவர். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கசடு பிடித்த இன்ஜின் வாய்திறந்து பேசுவது, இரவு முழுக்க நின்று காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில விநாடிகளில்தான். அதை நான் கேட்காமலே விட்டேன்.

ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் பொன்னிறம், கண்ணாடி மாதிரி. போன வாரம்தான் மாற்றியதாகச் சொன்னார். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினேன், அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. துளை வழியாக டார்ச் அடித்தேன். கேம் ஷாஃப்ட் பளபளத்தது, சுற்றியுள்ள அலுமினியம் மட்டும் தேன் நிறத்தில் இருந்தது. கையில் ஃபோனோடு இணைக்கிற சின்னக் கேமரா ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். தலை 5.5 மி.மீ. பருமன், நுனியில் விளக்கு. அதையும் துளைக்குள் விட்டு, ஒரு சாண் தூரம் வரை பார்த்தேன். அதே தேன் நிறம். சூட்டில் ஆயில் ஏறி ஏறி உலோகத்தில் பிடிக்கும் வார்னிஷ் நிறம் அது. எட்டு வருட வண்டிக்கு அது இயல்பு. திருப்தியாகிவிட்டது.

ஆனால் ஆயில் ஊற்றும் துளைக்கு நேர் கீழே உள்ள பகுதி ஓடும்போதெல்லாம் ஆயில் தெறித்துக் கழுவப்படும் இடம். இன்ஜினுக்குள்ளேயே ரொம்பச் சுத்தமாக இருப்பது அதுதான். கசடு சேர்வது ஆயில் மெதுவாக வடிந்து தேங்கும் மூலைகளில்: இன்ஜின் தலையை மூடும் டேப்பட் கவரின் மறுகோடி, ஆயில் கீழே இறங்கும் வடிகால் துளைகளின் விளிம்பு, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப். ஒரு வீட்டின் வாசலைப் பார்த்து மொத்த வீட்டையும் மதிப்பிட்டது போல ஆகிவிட்டது என் சோதனை.

சர்வீஸ் புக்கும் காட்டினார். 51,000 வரை 10,000-க்கு ஒரு முத்திரை ஒழுங்காக இருந்தது. அடுத்த முத்திரை 77,000-இல். நடுவில் 26,000 கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லை. கேட்டேன். "வெளியில ஒரு தடவை மாத்தினேன், பில்லு வச்சுக்கல." மனிதர் நல்லவராகத் தெரிந்தார், நானும் மேலே கேட்கவில்லை. அந்த இடைவெளியைச் சொல்லிக் கொஞ்சம் விலையைக் குறைத்துக்கொண்டதோடு விட்டுவிட்டேன்.

பில்லுக்கு உண்மையிலேயே எவ்வளவு எடை உண்டு என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1997 முதல் 2002 வரை வந்த டொயோட்டா வண்டிகளில், 3.0 லிட்டர் வி6, 2.2 லிட்டர் நாலு சிலிண்டர் ஆகிய இன்ஜின்களில் ஆயில் கூழாக உறைவதாகப் புகார்கள் எழுந்தன. 2002-இல் அந்த நிறுவனம் சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு, முதல் விற்பனையிலிருந்து 8 வருடம் வரை இன்ஜின் பழுதைச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. ஃபோக்ஸ்வாகன் பசாட், ஆடி ஏ4 வண்டிகளின் 1.8 லிட்டர் டர்போ இன்ஜினுக்கும் பின்னால் இதே மாதிரி 8 வருடம் வரை உத்தரவாத நீட்டிப்பு வந்தது. அங்கெல்லாம் உரிமையாளரிடம் முதலில் கேட்கப்பட்டது ஆயில் மாற்றியதற்கான ஆதாரம்தான். வண்டியின் பெயரை வைத்துத் தேடாமல் இன்ஜினின் குறியீட்டை வைத்துத் தேடினால் இப்படிப்பட்ட வரலாறு வாங்குவதற்கு முன்பே கண்ணில் படும். ஒரே பெயருள்ள காரில் இரண்டு மூன்று வகை இன்ஜின் போட்டிருப்பார்கள், ஒன்று கசடு பிடிக்கும், மற்றது பிடிக்காது.

முதல் காலை

வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்தவுடன் முன்பக்கத்திலிருந்து கலகலவென்று ஒரு சத்தம், நாலு விநாடி. டாஷ்போர்டில் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கும் மூன்று விநாடி எரிந்துவிட்டுத்தான் அணைந்தது. செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் ஏறத் தாமதமாகிறது என்பது அந்தச் சத்தத்தின் பொருள். முந்தைய நாள் பானெட் சூடாக இருந்ததற்கும் இதற்கும் உள்ள தொடர்பு அப்போது உறைத்தது.

கேமராவை மறுபடி எடுத்தேன். இந்த முறை மூடித் துளை வேண்டாம் என்று, டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே விட்டுப் பார்த்தேன். என் இன்ஜினில் குழாய் அகலம் போதுமானதாக இருந்தது. எல்லா இன்ஜினிலும் போகாது, வளைவில் மாட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. கீழே போனதும் புது ஆயிலின் மேற்பரப்பு தெரிந்தது. அதைச் சுற்றி, சம்பின் சுவரில் ஆயில் மட்டத்துக்கு மேலே, கறுப்பாக ஒரு கரை. தொட்டியில் தண்ணீர் இறங்கிய பிறகு பாசி தடம் விடுமே, அப்படி.

டிப்ஸ்டிக்கின் மேல்பாதியையும் அன்றுதான் உற்றுப் பார்த்தேன். ஆயிலில் முங்கும் கீழ்ப்பகுதி பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது. மேல்பாதி அடர் பழுப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராதபடி வெந்திருந்தது. விற்பவர்கள் துடைப்பது கீழே உள்ள இரண்டு விரல் அளவைத்தான். மேலே பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்.

ஃப்ளஷ் ஊற்றியது

இந்த இடத்தில்தான் பெரிய தப்பு.

கசடு இருக்கிறது, கரைத்து வெளியேற்றினால் போயிற்று என்று நினைத்தேன். கடையில் கிடைக்கும், இன்ஜினை உள்ளே கழுவும் திரவமான ஃப்ளஷ் ஒரு டப்பா வாங்கி, இருந்த ஆயிலோடு ஊற்றி, டப்பாவில் போட்டிருந்தபடி 15 நிமிடம் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நின்ற இடத்திலேயே ஓட விட்டு, சூடோடு வடித்தேன். ஒரு வாரம் ஓடிய பொன்னிற ஆயில் கரிக்கரைசலாக வந்தது. கடைசியில் விரலில் தேய்த்தால் நெரநெரக்கும் கரித்தூள் போன்ற துகள்கள். வேலை செய்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். புது ஃபில்டர், புது 5டபிள்யூ-30 ஆயில் 4.3 லிட்டர் போட்டு முடித்தேன்.

ஃப்ளஷ் மெல்லிய படலத்தைக் கரைக்கும். தடித்துக் கெட்டிப்பட்ட கசட்டை அது முழுக்கக் கரைப்பதில்லை. ஓரங்களைத் தளர்த்தி, செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். பெயர்ந்தது எங்கே போகும்? கீழே சம்புக்கு. அங்கே ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கிறது. எல்லாம் அங்கே போய் ஒட்டும். ஃபில்டர் என்பது பம்புக்கு அடுத்துதான் வருகிறது. ஃபில்டர் காப்பாற்றும் என்று நான் நினைத்தது, ஆயில் போகிற வழியைக் கவனிக்காததால் வந்த நினைப்பு.

நான்காம் நாள், 40 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு சிக்னலில் நின்றபோது ஆயில் விளக்கு சிமிட்டியது. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டதும் அணைந்தது. ஓரங்கட்டி உடனே நிறுத்திவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். அந்த விளக்கு எரிவது சாதாரணமாக 0.3 முதல் 0.5 பார் வரையிலான அழுத்தத்தில். அதாவது இன்ஜினின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்குப் போகும் ஆயில் ஏறக்குறைய நின்றுபோன பிறகுதான் அது வாயைத் திறக்கும். வீடு வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். கயிறு கட்டித்தான் இழுத்து வந்தேன்.

அளந்து பார்த்தது

இனி ஊகம் வேண்டாம் என்று ஆயில் பிரஷர் மானி ஒன்று வாங்கினேன். முள் ஓடும் சாதாரண மானி, 0 முதல் 7 பார் வரை, ரப்பர் குழாயும் நாலைந்து அளவு மரை இணைப்புகளும் கூடவே வரும். விலை ஒரு தடவை ஆயில் மாற்றும் செலவில் பாதிகூட இல்லை. ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த மரையில் இதை மாட்டினேன்.

ஆறிய இன்ஜினில் ஸ்டார்ட் செய்தவுடன் 3.8 பார். நல்ல அளவு. பத்து நிமிடம் ஆனதும் இறங்கத் தொடங்கியது. முழுச் சூட்டில் ஐடிலிங்கில் 0.4. நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு ஏற்றினேன், 0.9. இந்த இன்ஜினின் கையேட்டில் அந்தச் சுற்றில் குறைந்தது 2.0 இருக்க வேண்டும். 3000-க்கு ஏற்றியதும் கூடாமல் 0.8-க்குக் குறைந்தது. உடனே அணைத்தேன்.

எனக்கு நம்பிக்கை வந்ததே அந்தக் கடைசி எண்ணில்தான். பேரிங் தேய்ந்திருந்தால் ஐடிலிங்கில் அழுத்தம் குறைவாக இருந்தாலும் சுற்று ஏற ஏற அழுத்தமும் ஏறும். சுற்றைக் கூட்டினால் அழுத்தம் ஏறாமல் குறைகிறது என்றால், பம்புக்கு உறிஞ்சுவதற்கு ஆயில் கிடைக்கவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால், அதே சூட்டில், முதல் ஒரு நிமிடம் 1.2 காட்டிவிட்டு அப்புறம் விழுந்தது. பம்ப் நின்றதும் வலையில் ஒட்டியிருந்த செதில்கள் கொஞ்சம் உதிர்கின்றன, ஓடத் தொடங்கியதும் திரும்பப் போய் ஒட்டுகின்றன. அடைப்பு வலையில்தான் என்று தெளிவாயிற்று. இன்ஜின் தப்பித்திருக்க வாய்ப்பு உண்டு.

சம்பைக் கழற்றியது

நாலு ஜாக் ஸ்டாண்டில் வண்டியை ஏற்றினேன். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைத்த பிறகும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டே போனேன். சம்பைச் சுற்றி 19 போல்ட், எல்லாம் 10 மி.மீ. தலை. பதினேழு சுலபமாக வந்தன. கியர்பாக்ஸ் பக்கம் ஒளிந்திருந்த இரண்டுக்கு நீள எக்ஸ்டென்ஷனும், வளைந்து கொடுக்கும் மூட்டும், ஒரு மணி நேரமும் தேவைப்பட்டன.

கேஸ்கெட் கிடையாது, சிலிக்கான் சீலன்டால் ஒட்டியிருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் செருகி நெம்பினேன், அலுமினிய முகப்பில் ஒரு அங்குலத்துக்குக் கீறல் விழுந்துவிட்டது. அங்கேதான் பின்னால் ஒழுகும். நிறுத்திவிட்டு, சுவரில் பெயின்ட் சுரண்டும் மெல்லிய தகடு ஒன்றை எடுத்து, மூலையில் சின்னச் சுத்தியலால் தட்டி உள்ளே விட்டு, கத்தியால் உறை பிரிப்பது போலச் சுற்றிலும் அறுத்துக்கொண்டே வந்தேன். சம்ப் தானாகக் கையில் இறங்கியது. கீறலை நைஸ் எண்ணெய்க் கல்லால் தேய்த்துச் சமன் செய்தேன்.

உள்ளே பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அடித்தளத்தில் தார் போன்ற படிவு. மரக்குச்சியைக் குத்தி அளந்தேன், ஆழமான இடத்தில் 8 மி.மீ. மேலே நான் ஊற்றிய புது ஆயில் தெளிவாக நின்றது. சுரண்டி எடுத்ததைத் தராசில் வைத்தேன், 620 கிராம். உறிஞ்சு குழாயின் வலையில் மூன்றில் இரண்டு பங்கு அடைந்திருந்தது. அடைத்திருந்தவை பெரும்பாலும் தட்டையான, ஓரம் கூரான செதில்கள். நான் ஊற்றிய ஃப்ளஷ் பெயர்த்துவிட்டவை. அது ஊற்றாமல் இருந்திருந்தால் இந்த வலை இன்னும் ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்கும். அப்படி என்றால் ஒருநாள் நெடுஞ்சாலையில் போய் நின்றிருக்கும் என்பதும் உண்மைதான்.

குழாயைக் கழற்றி, டீசலில் ஓர் இரவு ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்து, எதிர்த்திசையில் காற்று அடித்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு கண்ணும் தெரிய வேண்டும். அதன் ரப்பர் வளையம், ஓ-ரிங், கெட்டிப்பட்டு, வளைத்தால் ஒடிந்தது. புதிது போட்டேன். மலிவான பொருள், ஆனால் அது இறுக்கமாக இல்லையென்றால் பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும், அத்தனை வேலையும் வீணாகும்.

மேலே

சம்ப் கழன்று கிடக்கும்போதே டேப்பட் கவரையும் திறக்க வேண்டும் என்பது, இந்த முழு வேலையிலும் நான் சரியாக யோசித்த ஒரு வரிசை. மேலே சுரண்டும்போது தவறி விழும் துணுக்கு எதுவானாலும் வடிகால் வழியாக நேராகக் கீழே வைத்த தட்டில் விழுந்துவிடும், உள்ளே தங்காது.

பத்து போல்ட், கவர் வந்துவிட்டது. மூடித் துளைக்கு நேராகப் பழைய தேன் நிறம். அங்கிருந்து நாலாவது சிலிண்டர் பக்கம் போகப் போகப் பழுப்பு, பிறகு கறுப்பு, கடைசி மூலையில் 3 மி.மீ. தடிப்பில் பிசின். என் கேமரா இன்னும் ஒரு சாண் போயிருந்தால் இதைப் பார்த்திருக்கும்.

இரும்பால் எதையும் சுரண்டவில்லை. பிளாஸ்டிக் தகடும், சீவிய மூங்கில் குச்சியும்தான். முதலில் ஆறு வடிகால் துளைகளையும் துணித்துண்டால் அடைத்தேன். அடைத்தது ஆறு என்று கவரின் மேல் சாக்பீஸால் எழுதி வைத்தேன். கடைசியில் ஆறையும் எண்ணி எடுத்த பிறகுதான் அந்த எழுத்தை அழித்தேன். வேஸ்ட் துணி நூல் விடும் என்பதால் பக்கத்தில்கூட வைக்கவில்லை. பெயர்ந்த துணுக்குகளை வேக்குவம் கிளீனரின் முனையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி உறிஞ்சினேன். ஒரு பங்கு சுரண்டினால் ஒரு பங்கு உறிஞ்ச வேண்டும். இந்த மேல்வேலைக்கு மட்டும் ஏழு மணி நேரம் ஆயிற்று. அதில் ஒரு நிமிடம்கூட அதிகம் என்று நினைக்கவில்லை. கடைசியாக, லேசாகச் சூடாக்கிய புது ஆயில் அரை லிட்டரைத் துளைகள் வழியே ஊற்றினேன். கீழே தட்டில் இன்னும் கொஞ்சம் துகள் வந்தது. இரண்டாம் தடவை ஊற்றியதில் வரவில்லை.

வெந்து ஒட்டிப்போன வார்னிஷை அப்படியே விட்டேன். அது பெயர்ந்து எங்கும் போகாது. அதைப் பளிச்சென்று ஆக்க நினைத்தால்தான் ஆபத்து.

எதனால் சேர்ந்தது

சுத்தம் செய்து மூடிவிட்டால் மறுபடி சேரும் என்பதால் காரணத்தைத் தேடினேன். 26,000 கிலோமீட்டர் இடைவெளி ஒன்று போதாதா என்று தோன்றும். ஆனால் இன்னும் இரண்டு இருந்தன.

ஒன்று பிசிவி வால்வு. இன்ஜினின் அடிவயிற்றில் சேரும் ஆவியை மேலே இழுத்து எரிக்க அனுப்பும் வால்வு. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே டக் டக் என்று ஆட வேண்டும். ஆடவில்லை. அதன் ரப்பர் குழாய் உள்ளே அடைந்து, 15 மி.மீ. வழி பென்சில் பருமனுக்குச் சுருங்கியிருந்தது. ஆவி வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே கரைந்துகொண்டிருந்திருக்கிறது.

இதற்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, துளையின் மேல் ஒரு தாளை வைக்க வேண்டும். லேசாக உறிஞ்சி ஒட்டிக்கொண்டால் நல்லது. தாள் மேலே துள்ளினால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது. ஒன்று வால்வு அடைப்பு, அல்லது பிஸ்டன் ரிங் தேய்மானம். பழைய வால்வோடு நான் அந்தச் சோதனையைச் செய்து பார்க்க முடியாமல் போனது ஒரு குறைதான். புது வால்வும் குழாயும் போட்ட பிறகு தாள் அழகாக ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று தெர்மோஸ்டாட். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், சூடு ஏறும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு. இதைக் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் சொன்னது. இழுத்து வருவதற்கு முந்தைய நாட்களில் பதிந்திருந்த எண்களைப் பார்த்தால், சீராக ஓடும்போது கூலன்ட் சூடு 71 டிகிரியைத் தாண்டவே இல்லை. 90-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் எடுத்தபோது, ஆறிய நிலையிலேயே 2 மி.மீ. திறந்து நின்றது. இன்ஜின் வருடக்கணக்கில் அரைச் சூட்டிலேயே ஓடியிருக்கிறது. எரியும்போது உண்டாகும் நீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலிருந்து ஆவியாகிப் போக முழுச் சூடு வேண்டும். அது கிடைக்கவே இல்லை. டாஷ்போர்டில் இருக்கும் சூட்டு முள் இதையெல்லாம் நுணுக்கமாகக் காட்டாது. நடுவிலேயே சும்மா நிற்கும்.

கூலன்ட் ஆயிலில் கலந்திருக்குமோ என்ற பயமும் இருந்தது. அப்படியானால் ஹெட் கேஸ்கெட் வரை போக வேண்டும். வெள்ளைநுரை எங்கும் இல்லை, கூலன்ட் மட்டமும் இரண்டு வாரத்தில் இறங்கவில்லை. அதோடு அந்தச் சந்தேகத்தை விட்டேன்.

மூடி ஓட்டியது

இரு முகப்பையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, சீலன்டை 3 மி.மீ. பருமனில், போல்ட் துளைகளின் உட்பக்கமாக ஒரே கோடாக இட்டேன். அதிகம் போட்டால் உள்ளே பிதுங்கி, அதுவே பிய்ந்து போய் வலையை அடைக்கும். டார்க் ரெஞ்ச் 10 நியூட்டன் மீட்டர், எதிரெதிர் மூலையாக. ஓர் இரவு காயவிட்டேன்.

புது ஃபில்டர், 4.3 லிட்டர் ஆயில். முதலில் ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, 8 விநாடி வீதம் மூன்று முறை வெறுமனே சுற்றவிட்டேன். மூன்றாவது தடவையில் மானியின் முள் எழுந்தது. அதற்கப்புறம்தான் ஸ்டார்ட். சூடான பிறகு ஐடிலிங்கில் 1.4, 2000-இல் 2.9, 3000-இல் 3.6 பார். அந்த எண்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆயிலை 500, 1500, 4000 கிலோமீட்டரில் மாற்றினேன். உள்ளே தங்கியிருக்கும் மிச்சத்தை ஆயிலே மெதுவாகக் கரைத்துக் கொண்டுவரட்டும் என்று, ஃப்ளஷ் இல்லாமல். 500-இல் எடுத்த ஃபில்டரை ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். தாளில் பளபளவென்று உலோகப் பொடி. பேரிங் போய்விட்டது என்று அன்று இரவு தூங்கவில்லை. காலையில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பொடியும் ஒட்டுகிறது, அதுவும் அறுத்த ஓரத்தில் மட்டும். பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது. அது ரம்பம் தின்ற ஃபில்டர் தகடு. அடுத்ததற்கு, டின் திறப்பது போலச் சக்கரம் வைத்து வெட்டும் கட்டர் வாங்கிவிட்டேன். பொடி வராது.

செலவுக் கணக்கு: ஃப்ளஷுக்குப் பின் ஒன்று, மூடியபோது ஒன்று, அப்புறம் மூன்று என ஐந்து தடவை ஆயில். வால்வு, குழாய், தெர்மோஸ்டாட், கூலன்ட், கவர் கேஸ்கெட், சீலன்ட், ஓ-ரிங் எல்லாம் சேர்த்தால் இன்னும் இரண்டு தடவை ஆயில் மாற்றும் செலவு. மானியும் கட்டரும் ஒன்று. ஆக எட்டு ஆயில் மாற்றத்துக்கான பணம், அதோடு என் உழைப்பு 22 மணி நேரம். 26,000 கிலோமீட்டரில் முன்னவர் மிச்சம் பிடித்தது ஒன்றோ இரண்டோ ஆயில் மாற்றம். நான் பேரம் பேசிக் குறைத்த தொகை மூன்று தடவைக்குக் காணும். மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தால் கூலியே இந்த மொத்தத்தையும் தாண்டியிருக்கும்.

அடுத்த தடவை என்ன மாற்றிச் செய்வேன் என்பதை யோசிக்க வேண்டியிருக்கவில்லை, போன மாதமே வாய்ப்பு வந்தது. தங்கை வீட்டுக்காரர் ஒரு பழைய கார் பார்க்கக் கூப்பிட்டார். முதல்நாள் இரவே விற்பவருக்கு ஃபோன் செய்து, நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது. டிப்ஸ்டிக்கை உருவியதும் மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மச்சான், ஆயில் இவ்வளவு கறுப்பா இருக்கு?"

"கறுப்பா இருக்கட்டும் மாப்பிள்ளை. மேல்பாதியைப் பாருங்க."

மேல்பாதி வெள்ளி நிறத்திலேயே இருந்தது. கேமராவை மூடித் துளையிலிருந்து மறுகோடி வரை நகர்த்தினேன். கவரின் மூலையும் வடிகால் விளிம்புகளும் சுத்தமாக இருந்தன. டிப்ஸ்டிக் குழாய் வழியாகச் சம்பின் சுவரைப் பார்த்தோம், கரை இல்லை. ஸ்டார்ட் செய்தபோது விளக்கு உடனே அணைந்தது, கலகல சத்தம் இல்லை. ஐடிலிங்கில் துளை மேல் தாளை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. ஸ்கேனரை மாட்டி அரைமணி நேரம் ஓட்டியதில் சூடு 91-இல் நின்றது. ஆயில் மாற்றிய பில்கள் ஒரு கவரில் தேதி வரிசையில் இருந்தன, கடைசியாக மாற்றி 8,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. அழுக்கைத் தன்னில் வாங்கிக்கொண்டு கறுத்திருந்த ஆயில் அது, செய்ய வேண்டிய வேலையைச் செய்திருக்கிறது.

அன்று சாயங்காலமே முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.